வாடை போகாத மீன் தொட்டி

கேள்வி: கண்ணாடி வெட்டி வாங்கி, சிலிக்கான் வைத்து நானே மீன் தொட்டி ஒட்டினேன். இரண்டு நாளாகியும் புளித்த வாடை போகவில்லை. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரா? ஹேர் டிரையர் பிடிக்கலாமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள். அந்த வாடை, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம். டியூபுக்குள் இருக்கும்வரை சிலிக்கோன் சங்கிலிகளின் நுனியில் அசிட்டாக்சி என்ற அணுக்கூட்டம் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் தொப்பி அசிட்டிக் அமிலமாகக் கழன்று போகும்; சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ரப்பராக இறுகும். ஈரம் வற்றிக் காய்கிற பசை இல்லை இது, ஈரத்தைக் குடித்து இறுகுகிற பசை. அதனால் டிரையர் வேண்டாம்.

மேல்தோல் அரை மணிக்குள் இறுகிவிடும். உள்ளே நாளுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒரு வாரம் தொடாதீர்கள். வாடை அறவே நின்றபின் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் வைத்திருந்து கொட்டிவிட்டு, அப்புறம் மீன் விடுங்கள்.

அதற்கு முன் டியூபைத் திருப்பிப் பாருங்கள். 'பூஞ்சை பிடிக்காது' என்று போட்டிருந்தால் அது குளியலறைச் சரக்கு, பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். வாஷ்பேசினுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று அதையே தொட்டிக்கும் வைத்து, மூன்று தங்கமீன்களைப் பறிகொடுத்தவன் நான். இதில் வேதியியல் வாத்தியார் வேறு! உங்களுடையதும் அந்த வகையானால் பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். பழைய சிலிக்கோன்மேல் புதியது சரியாகப் பிடிக்காது.

கேள்வி: சிலிக்கானா, சிலிக்கோனா? இரண்டும் ஒன்றா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடையில் எப்படிக் கேட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் சிலிக்கான் என்பது தனிமம், கம்ப்யூட்டர் சில்லுக்குப் போவது. சிலிக்கோனில் சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி இருக்கிறது. ஒவ்வொரு சிலிக்கானிலும் பெரும்பாலும் இரண்டு மெத்தில் கூட்டங்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) தொங்கும். சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு கண்ணாடியிலும் உண்டு. அது கார்பன்-கார்பன் பிணைப்பைவிட வலுவானது. அதனால்தான் சிலிக்கோன் கேக் அச்சு 200 டிகிரி அவனிலும் சிதைவதில்லை. தண்ணீர் ஒட்டாமல் ஓடுவது மெத்தில் செய்கிற வேலை.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பேராசிரியர் ஃபிரெடெரிக் கிப்பிங், இதன் வாய்பாடு கீட்டோன் என்ற கார்பன் சேர்ம வகையின் வாய்பாட்டைப் போல இருந்ததால் இந்தப் பெயரை வைத்தார். அமைப்பு வேறானாலும் பெயர் நின்றுவிட்டது. இதனால் பெரிய உபயோகம் வரும் என்றும் அவர் நம்பவில்லை. 1940இல் அமெரிக்காவில் யூஜின் ரோச்சோ, சிலிக்கானையும் மெத்தில் குளோரைடையும் தாமிர வினையூக்கியோடு சூடேற்றி மூலப்பொருளை நேரடியாக எடுக்க வழி கண்டார். ஆலைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கேள்வி: வாயு மாத்திரையில் 'சிமெதிகோன்' என்று இருக்கிறதே, அதுவும் இந்த வகையறாவா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆமாம், சிலிக்கோன் எண்ணெயும் நுண்ணிய சிலிக்காவும் சேர்ந்தது. வயிற்றில் நுரைக்குமிழிகளை உடைக்கும். உடம்பு அதை உறிஞ்சாது. போன மாதிரியே வெளியே வந்துவிடும்.