வாசகர் கேள்வி பதில்: நாற்காலியின் பலத்தைக் குறைப்பாரா அநுர?

2025 செப்டெம்பரோடு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பதவிக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. 2025 ஒக்டோபரில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவரைப் பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஐந்துக்குப் பதில் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்: வாழ்க்கையில் முதல்முறையாக அநுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டேன். ஒரு வருடம் போய்விட்டது. நான் ஏமாந்துவிட்டேனா?

இல்லை ஐயா, அப்படி நினைக்காதீர்கள். 2019 இல் வெறும் 3 வீதம் எடுத்த ஒரு மனிதரை 2024 இல் 42 வீதத்துக்குக் கொண்டுவந்தது உங்களைப் போன்றவர்களின் கோபம், அந்தக் கோபம் நியாயமானது. எண்ணெய்க்கும் காஸுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்ற 2022 ஐ யார் மறப்பார்கள்?

செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் 2025 செப்டெம்பர் 10 ஆம் திகதி 151 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தது ஒரே ஒரு வாக்கு. மறுநாளே முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, கொழும்பு விஜேராமவில் இருந்த அரசாங்க வீட்டை விட்டுப் போனார். யாழ்ப்பாணம் பலாலியில் முப்பது வருடத்துக்கு மேலாக மூடிக் கிடந்த வீதியை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு கிழமை முன்னால்தான், மார்ச் 28 ஆம் திகதி, வடக்கில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி போட்டதும் இதே அரசாங்கம்தான். இடம்பெயர்ந்து, காணி உறுதியைத் தொலைத்து, பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிற சனத்துக்கு மூன்று மாதம்! சனம் எதிர்த்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அப்புறம்தான் வர்த்தமானியைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே நீங்கள் போட்ட வாக்கு வீண் இல்லை, ஆனால் போட்டதோடு வேலை முடிந்துவிடவும் இல்லை.

தெஹிவளையிலிருந்து ஒரு மாணவி: நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்றாரே, செய்வாரா?

தங்கச்சி, இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. ஆட்சி அதிகாரத்தை ஜனாதிபதி ஒருவரின் கையில் குவிக்கிற இந்த முறை 1978 அரசியலமைப்போடு வந்தது. ஒழிப்பேன் என்று 1994 இல் சந்திரிகா சொன்னார், 2005 இல் மகிந்த சொன்னார், 2015 இல் மைத்திரி சொன்னார். சந்திரிகா பதினொரு வருடம் அதே பதவியில் இருந்தார். மகிந்த அதைக் குறைப்பதற்குப் பதிலாக அரசியலமைப்பின் 18 ஆம் திருத்தத்தில், ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதியாக இருக்கலாம் என்ற வரையறையையே எடுத்துவிட்டார். மைத்திரி காலத்து 19 ஆவது திருத்தம் கொஞ்சம் அதிகாரத்தைக் குறைத்தது, 2020 இல் கோட்டாபய 20 ஆவதைக் கொண்டுவந்து அதையும் திருப்பி எடுத்துக்கொண்டார்.

இவர்களில் சிலருக்காவது பாராளுமன்றத்தில் பெரும்பான்மை போதவில்லை என்று சொல்ல ஒரு இடம் இருந்தது. அநுரவுக்கு அது கிடையாது. 225 இல் 159 ஆசனம், மூன்றில் இரண்டுக்கு 150 போதும். நான் பார்க்கிற ஒரே அளவுகோல் இதுதான்: பழைய ஆட்சியாளர்களிடமிருந்து பறிக்கிற வேலைகள் வேகமாக நடந்திருக்கின்றன, தன் கையில் இருக்கிற அதிகாரத்தை விட்டுக்கொடுக்கிற வேலைகள் ஒன்றும் நகரவில்லை. புதிய அரசியலமைப்பு, மாகாண சபைத் தேர்தல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது, மூன்றும் அந்த இரண்டாவது வகை. வடமாகாண சபைக்கு 2013 இல் ஒரே ஒரு தேர்தல் நடந்தது, 2018 இல் அதன் காலம் முடிந்தது, அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநரின் ஆட்சிதான். தேர்தலை வைக்க மூன்றில் இரண்டு கூடத் தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மையில் சட்டத்தைச் சரிசெய்தால் போதும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் தற்காலிகமானது என்று சொல்லி வந்தது. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு முஸ்லிம் இளைஞரை அதே சட்டத்தில் பிடித்து வைத்தார்கள். எதிர்க்கட்சியில் இருந்தபோது இதை நீக்க வேண்டும் என்று பேசியவர்களின் ஆட்சியில் இது நடந்தது என்பது எனக்கு மிகவும் வலிக்கிறது.

மட்டக்குளியிலிருந்து: சாமான் விலை குறையுமா?

வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதத்தில் நிற்கிறது, சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 இல் செய்த உடன்படிக்கையை இவரும் தொடர்கிறார், அதனால் பெரிய குறைப்பை இப்போதைக்கு எதிர்பார்க்காதீர்கள். சம்பளக்காரருக்கு ஒரு ஆறுதல், 2025 ஏப்ரலிலிருந்து மாதம் ஒன்றரை இலட்சம் வரை வருமான வரி இல்லை, முன்பு அது ஒரு இலட்சம். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து: அநுரவின் ஜே.வி.பி.யை எப்படித் தமிழன் நம்புவது? வடக்கு கிழக்கைப் பிரிக்க வழக்குப் போட்டவர்கள் அவர்கள்தானே?

ஆமாம், அவர்கள்தான். 2006 இல் உயர் நீதிமன்றம் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்தது செல்லாது என்றது, 2007 ஜனவரியோடு மாகாணங்கள் பிரிந்தன. அதை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும் 2024 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் நான்காவதாக வந்த அநுரவின் கட்சிக்கு நவம்பரில் அதே மாவட்டம் ஆறில் மூன்று ஆசனம் கொடுத்தது. பிறகு 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது. சனம் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை, கதவை அடைக்கவும் இல்லை. எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா: மகனின் ஃபோன் பஸ்ஸில் களவு போய்விட்டது. பொலிஸில் நான் தமிழில் சொல்ல, எங்களைக் கூட்டிப் போன ஓட்டோக்காரத் தம்பி சிங்களத்தில் சொல்ல, அவர்கள் எழுதினார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே போட்டேன். மாற்றம் என்கிறார்களே, இது எப்போது மாறும்?

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நானும் இந்த நகரத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொலிஸ்காரர் கொப்பியைத் திருப்பி வைப்பார், கீழே பேனையால் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவார், அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நம்முடைய பெயரைத் தமிழில் எழுதுவோம். முழுப் பக்கத்தில் நமக்கு வாசிக்க முடிகிறது அந்தப் பெயர் மட்டும்தான். 2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, மறுநாள் உயர் நீதிமன்றம்தான் அதை நிறுத்தியது, அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு பொலிஸ் கொப்பியில் வாசிக்கத் தெரியாத ஒரு பக்கம் என்றால் இன்றைக்கும் நெஞ்சு அடிக்கும்.

இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டாம். 1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. வேண்டியது தமிழில் எழுதத் தெரிந்த ஆட்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி மாதிரி இடங்களில் எந்த நேரமும் ஒருவர் இருக்கிற மாதிரி நியமித்தால் போதும். அதற்கு மூன்றில் இரண்டும் வேண்டாம், நாணய நிதியத்திடம் கேட்கவும் வேண்டாம். அதனால்தான் ஒரு வருடத்துக்குப் பிறகும் இது இப்படியே இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் திரும்பிப் போய் முறைப்பாட்டின் பிரதியைக் கேளுங்கள், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லியும் கேளுங்கள். தனியாகப் போகாமல் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரதி கிடைத்தால் எங்கள் கந்தோருக்கு அனுப்புங்கள், இங்கே சிங்களம் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வரிக்கு வரி தமிழில் எழுதித் தருகிறோம்.