கசிவது குழாயா, மூட்டா?

கேள்வி: நானே கோத்த வாட்டர் கூலிங் கம்ப்யூட்டர். எட்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் ஹோஸை மாட்டும் ஃபிட்டிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. ஸ்பேனர் வைத்து இறுக்கினேன், மறுநாளும் ஈரம். ஹோஸ் முழுவதையும் மாற்றிவிடட்டுமா?

பதில்: முதலில் அந்த ஸ்பேனரை எடுத்து உள்ளே வையுங்கள். என் முதல் கம்ப்யூட்டரில் நானும் இதையேதான் செய்தேன். மூன்று முறை இறுக்கினேன், மூன்று முறையும் கசிந்தது. கழற்றிப் பார்த்தால், ஃபிட்டிங்கின் அடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. நான் இறுக்க இறுக்க அது கிழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

இந்த ஃபிட்டிங்குகளில் இருக்கும் ஜி1/4 என்ற அளவு மரை தண்ணீரைத் தடுப்பதில்லை, தடுப்பது அந்த ரப்பர் வளையம்தான். அதனால் டெஃப்லான் டேப் சுற்றியும் பயனில்லை. கையால் திருகி, வளையம் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். ஃபிட்டிங் திருகப்படும் பிளாக்கின் (சிப்பின் மேல் உட்கார்ந்து தண்ணீரை உள்ளே ஓடவிடும் பாகம்) மேல்பகுதி அக்ரிலிக் என்றால் ஸ்பேனர் அதில் விரிசலே விட்டுவிடும். அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஒரு ஃபிட்டிங்கில் கசிய இரண்டு இடம் உண்டு: பிளாக்கோடு சேரும் அடிப்பக்கம், ஹோஸ் நுழையும் மேல்பக்கம். நன்றாகத் துடைத்து, இரண்டிலும் தனித்தனியாக டிஷ்யூ சுற்றி வையுங்கள். அடிப்பக்கம் நனைந்தால் ஓ-ரிங்கை மாற்றினால் போதும்.

மேல்பக்கம் என்றால் ஹோஸின் அளவைப் பாருங்கள். 10/13, 10/16 என்பதில் முதல் எண் உள்விட்டம், அடுத்தது வெளிவிட்டம். இரண்டுக்கும் உள்விட்டம் 10 மி.மீ. தான், ஃபிட்டிங்கின் முனையில் இரண்டுமே ஏறிவிடும். ஆனால் ஹோஸை வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கும் திருகு வளையம், 16-க்கானதை 13 ஹோஸில் போட்டால் கடைசி வரை திருகலாம், பிடிக்கவே பிடிக்காது. அளவு சரியாக இருந்தால் வெட்டைப் பாருங்கள். கத்தரிக்கோல் ஹோஸை நசுக்கிச் சாய்வாக வெட்டும். கூரான பிளேடால் நேராக ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, முனையை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்து, அடிவரை தள்ளி மாட்டுங்கள். வெட்டிய பிறகு நீளம் போதாமல் ஹோஸ் விறைப்பாக நின்றால் அந்தத் துண்டை மட்டும் புதிதாகப் போடுங்கள். பக்கவாட்டில் இழுபடும் ஹோஸ் என்றைக்காவது மூட்டைத் தளர்த்தியே தீரும்.

திரும்பக் கோத்ததும் சோதிக்காமல் கம்ப்யூட்டரைப் போடவே போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் நிரப்புமுன் அழுத்தம் காட்டும் மீட்டர் உள்ள காற்று பம்ப்பால் அரை பாருக்கு மிகாமல் அழுத்தம் ஏற்றி, முள் அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி, மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றின் பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையின் 24 பின் முனையில் (மதர்போர்டு இல்லாமலே அதை ஓடவைக்கும்) ஜம்பர் பிளக் மாட்டி, தண்ணீர் பம்ப்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ இருக்கட்டும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே கசிந்தால் என்ன செய்வது? டிஸ்டில்டு வாட்டர்தானே, மின்சாரத்தைக் கடத்தாதே?

பதில்: பாட்டிலில் இருக்கும்வரை சரிதான். உள்ளே சுற்றச் சுற்ற அது செம்பையும் நிக்கலையும் தொட்டு அயனிகளைச் சேர்த்துக்கொள்கிறது. போர்டின் மேல் விழும்போது அங்குள்ள தூசியின் உப்பும் கரைகிறது. அதனால் கடத்தும். சுவர் ஸ்விட்சை உடனே அணையுங்கள். போர்டின் பட்டன் பேட்டரியைக் கழற்றுங்கள். நிறம் கலந்த கூலன்ட் என்றால் முதலில் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, பிறகு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அக்ரிலிக்கில் மட்டும் அது படக்கூடாது, நுண்விரிசல் விடும். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயட்டும். அதற்குள் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்று கை துடிக்கும், போடாதீர்கள். ஈரத்தில் தப்பிய போர்டுகளும் அந்த ஒரு முறையில்தான் போகின்றன.

கேள்வி: கடையில் வாங்கிய மூடிய கூலரின் குழாய் கசிகிறது. பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். இன்றே கழற்றி, வாரன்டி இருக்கும்போதே மாற்றி வாங்குங்கள்.