கேளுங்க சொல்றோம்: பார்ட்னர்னா என்ன அர்த்தம்?

கேள்வி: எம்பையன் டிப்ளமோ முடிச்சிட்டு ரெண்டு வருஷமா ஃபுட் டெலிவரி பண்றான். மாசம் 28,000 வருதாம், "நான் பார்ட்னர்மா"ங்கறான். பொண்ணு வீட்ல என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்றது?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வேலைன்னே தைரியமா சொல்லுங்கம்மா, வெயில்லயும் மழையிலயும் வண்டி ஓட்டறது வேலை இல்லாம வேறென்ன. ஆனா அந்த 28,000ஐ பையனோட உக்காந்து ஒருதடவ கழிச்சுப் பாருங்க. ஒருநாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடறான்னு வெச்சுக்குவோம், லிட்டருக்கு 40 குடுத்தா 3 லிட்டர், பெட்ரோலுக்கே 300 ரூபா போச்சு, 26 நாளைக்கு 7,800, அப்புறம் ஆயில், டயர், வண்டி டியூ எல்லாம் அவன் தலையிலதான். பார்ட்னர்னா லாபத்துலல்ல பங்கு வரணும்!

2020ல போட்ட சமூகப் பாதுகாப்பு சட்டத்தொகுப்பு, அமலுக்கு வந்ததே 2025 நவம்பர் 21லதான், அதுலயும் இவன மாதிரி ஆப் மூலமா வேலை எடுக்கறவங்கள, 'கிக் தொழிலாளர்'னு பேர் வெச்சு, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியதான் வெச்சிருக்காங்க. பி.எஃப். பிடிக்கமாட்டாங்க. கம்பெனிங்க வருஷ டர்ன்ஓவர்ல 1லேர்ந்து 2 சதவீதம் இவங்க நலனுக்கான ஒரு நிதிக்கு கட்டணும், அவ்வளவுதான். பிரிட்டன்ல உபர் டிரைவருங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2021ல குறைந்தபட்ச கூலியும் சம்பளத்தோட லீவும் எங்க உரிமைன்னு ஜெயிச்சாங்க, நம்ம ஊர்ல அந்த அளவுக்கு வரல. இப்போதைக்கு இ-ஷ்ரம்ங்கற மத்திய அரசோட தொழிலாளர் பதிவுத் தளத்துலயும் நம்ம மாநில கிக் தொழிலாளர் நலவாரியத்துலயும் பதிஞ்சிட்டானான்னு கேளுங்க, பசங்க இதயெல்லாம் தள்ளிப் போட்டுட்டே இருப்பாங்க.

கேள்வி: ஏனுங்க, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கட்டறேன், அப்படியும் பனியன் கம்பெனிக்கு ஆளே சிக்கறதில்லீங்க. பசங்க மூணு மாசத்துல டெலிவரிக்கு ஓடிடறாங்க, ஏன்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நிதி ஆயோக் கணக்குல 2020-21ல இந்த மாதிரி கிக் வேலைங்கள்ல மொத்தம் 77 லட்சம் பேர், 2029-30ல 2.35 கோடி ஆகிடுமாம், அதனால உங்க கம்பெனியில மட்டும்னு நெனச்சிக்காதீங்க. போன வாரம் டீக்கடையில ஒரு பையன் கிட்ட இதையே கேட்டேன், அவனும் முன்னாடி ஒரு கம்பெனியில செக்கிங்ல இருந்தவன்தான். "அண்ணே, அங்க பத்து நிமிஷம் லேட்டா போனா சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டுவாரு, இங்க திட்ட ஆளே இல்லண்ணே"ன்னான். சொல்லி வாய மூடல, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சிருந்த போன் டிங்னுச்சு, பாதி டீய அப்படியே கீழ ஊத்திட்டு ஹெல்மெட்ட மாட்டறான், குடிச்சிட்டு போப்பான்னேன். "ஆர்டர விட்டா இன்சென்டிவ் போயிரும்ணே"ன்னு வண்டிய எடுத்துட்டான்.