எந்த ஸ்லாட்டில் மாட்டினால் எஸ்எஸ்டிக்கு முழு வேகம் கிடைக்கும்? கேள்வி பதில்

கேள்வி: பி550 மதர்போர்டு, ரைசன் 5 5600ஜி பிராசஸர். நொடிக்கு 7,000 எம்பி என்று அட்டையில் போட்டிருந்த ஜென் 4 எஸ்எஸ்டியை முதல் எம்.2 ஸ்லாட்டில்தான் மாட்டினேன். 3,500ஐத் தாண்டவே இல்லை. போலி டிரைவா?

பதில்: இந்த எண்ணை வைத்து டிரைவைச் சந்தேகிக்க வேண்டாம். பி550இல் முதல் எம்.2 ஸ்லாட்டின் நான்கு லேன்களும், அதாவது தகவல் ஓடும் தடங்களும், பிராசஸரிலிருந்து நேராக வருகின்றன. அதனால் அங்கே வேகத்தை முடிவு செய்வது பிராசஸர். ஜென் 4 என்பது பிசிஐஇ 4.0 என்ற இணைப்பு முறையைத்தான் குறிக்கிறது. 5600, 5600எக்ஸ் இரண்டிலும் பிசிஐஇ 4.0 உண்டு, 5600ஜியில் 3.0 மட்டுமே. 5500ஐ வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். ஓர் எழுத்து மாறியதும் வேகம் பாதியாகிவிடுகிறது. வாங்குபவர் கேட்காமலேயே விற்பவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

டிரைவின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து ‘டிரான்ஸ்ஃபர் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிரைவின் உச்சம். உங்களுக்கு இடப்பக்கம் 3.0 எக்ஸ்4, வலப்பக்கம் 4.0 எக்ஸ்4 என்று இருக்கும். எக்ஸ்4 என்றால் நான்கு லேன்கள். பின்னாளில் பிராசஸரை மாற்றினால் இதே டிரைவ் முழு வேகத்தில் ஓடும்.

கேள்வி: அதே பி550இல் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் ஜென் 4 போடலாமா?

பதில்: போடலாம், 3.0 வேகத்தில் ஓடும். அது மதர்போர்டில் உள்ள சிப்செட் என்ற துணைச் சில்லு வழியாகப் போகிறது. சிப்செட்டுக்கும் பிராசஸருக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு 3.0 எக்ஸ்4 இணைப்பு. சாட்டா (பிசிஐஇயை விட மெதுவான பழைய இணைப்பு) டிரைவ்களும் நெட்வொர்க்கும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. விண்டோஸ் முதல் ஸ்லாட்டில் இருக்கட்டும். சில போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட் நிரம்பியதும் இரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பதற்றப்படாமல் மேனுவலைப் புரட்டுங்கள்.

கேள்வி: பி560 போர்டு, ஐ5 10400. முதல் எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் தெரியவே இல்லை.

பதில்: ஐ5 10400 போன்ற பத்தாம் தலைமுறை இன்டெல் பிராசஸரில் 16 லேன்கள்தான், அவை கிராபிக்ஸ் கார்டுக்கு. பதினோராம் தலைமுறையில்தான் 20 ஆயின. கூடுதலாக வந்த நான்கை நம்பியே அந்த ஸ்லாட் வைக்கப்பட்டது. அடுத்த எம்.2 ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டு வெட்டுகள் உள்ள எம்.2 எஸ்எஸ்டி. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் பயாஸில் வரவில்லை.

பதில்: அது பெரும்பாலும் சாட்டா டிரைவ், உங்கள் ஸ்லாட் பிசிஐஇ மட்டும் ஏற்பது. எம்.2 என்பது வடிவம்தான், உள்ளே ஓடுவது சாட்டாவாகவும் இருக்கலாம், பிசிஐஇயாகவும் இருக்கலாம். சாட்டா எம்.2 ஏற்கும், யுஎஸ்பியில் செருகும் வெளிப்புற உறை வாங்கினால் டிரைவ் வீணாகாது.

கேள்வி: பழைய எச்61 போர்டுக்கு அடாப்டர் வைத்து என்விஎம்இ போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காலத்து பயாஸ், பிசிஐஇ வழியாக ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து பொதுவாக கணினியை பூட் செய்யாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். எச்61 சிப்செட்டின் சாட்டா 3 ஜிகாபிட்தான் என்பதால் நொடிக்கு 550 எம்பிக்குப் பதில் சுமார் 270 எம்பி வரும். அப்படியிருந்தும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுபவருக்குக் கணினியே புதிதாகத் தெரியும். சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது.

கேள்வி: ஜென் 3க்கும் ஜென் 4க்கும் அன்றாடம் வித்தியாசம் தெரியுமா?

பதில்: விண்டோஸ் திறப்பதில், பிரௌசரில் அநேகமாகத் தெரியாது. பெரிய வீடியோ கோப்புகளை நகர்த்தினால் தெரியும், அதுவும் இரண்டு பக்கமும் வேகமான டிரைவ் இருந்தால்தான். வீடியோ எடிட்டிங் செய்யாதவர்கள் அந்தப் பணத்தில் 500 ஜிபிக்குப் பதில் 1 டிபி வாங்குங்கள்.