பாலைவனத்தில் கூடாரம்: அக்டோபர், நவம்பர் கேள்விகள்

வெயில் கொஞ்சம் இறங்கியதுமே கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிட்டன. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஷார்ஜாவிலிருந்து: அக்டோபர் முதல் வாரமே குடும்பத்தோடு கிளம்பலாமா?

வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் விடியற்காலை சுஹைல் தெரிந்தால் வெயிலின் வேகம் குறையும் என்று இங்குள்ள அரபிகள் சொல்வார்கள். நம் அகத்திய நட்சத்திரம்தான் அது. ஆனால் அன்றிலிருந்து குறையத் தொடங்கும், அவ்வளவுதான். அக்டோபர் தொடக்கத்தில் துபாய் பக்கம் பகலில் இன்னும் 35 டிகிரி இருக்கும், கடலோரம் ராத்திரிப் புழுக்கத்தில் சின்னக் குழந்தைகள் தூங்காது. நவம்பர் பாதி தாண்டட்டும், பகல் 30, இரவு 20க்குக் கீழே வந்துவிடும். பொறுக்க முடியாதென்றால் ஓமனில் ஜெபல் ஷம்ஸ் மேட்டுக்குப் போங்கள். கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம், அக்டோபரிலேயே போர்வை கேட்கும்.

அபுதாபியிலிருந்து: நவம்பரில் சலாலா போய் கரீஃப் பசுமையில் டென்ட் போட ஆசை.

கரீஃப் என்றால் அரபியில் இலையுதிர் காலம், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வருடா வருடம் யாராவது இப்படிக் கேட்கிறார்கள். சலாலாவில் அது ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை பெய்யும் சாரல் காலம். நவம்பரில் அந்த மலைகள் காய்ந்து பழுப்பாகத்தான் இருக்கும். மஸ்கட்டிலிருந்தே 1,000 கிலோமீட்டர். டிக்கெட் போடுவதற்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள்.

துபாயிலிருந்து: என்னிடம் செடான் கார்தான். எங்கே போகலாம்?

நிறைய இடம் உண்டு. அல் குத்ரா ஏரிப் பக்கம் தார் ரோட்டிலேயே போய்விடலாம், ஆனால் வார இறுதியில் கூட்டம் நெருக்கும். எனக்குப் பிடித்தது அபுதாபிக்குத் தெற்கே பாலைவனத்துக்குள் இருக்கும் லிவா. லிவாவிலிருந்து தல் மொரீப் வரை 25 கிலோமீட்டர் தார் ரோடு. 300 மீட்டர் உயர மணல்மலை, அதன் அடிவாரம் வரை செடானில் போகலாம். ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட இறக்காதீர்கள். நவம்பரில் அங்கே விடிகாலைப் பனி டென்டை நனைத்துவிடும், மேல்துணியைக் கழற்றிவிட்டுத் தூங்காதீர்கள். ஓமனின் ஷர்கியா மணல்வெளி என்றால் அதன் ஓரத்தில் இருக்கும் பிதியா ஊரில் காரை நிறுத்துங்கள். அங்குள்ள முகாம்காரர்களே ஃபோர் வீலில் வந்து கூட்டிப் போவார்கள்.

ஷார்ஜாவிலிருந்து: புதிதாக ஃபோர் வீல் வாங்கியிருக்கிறேன். தனியாக லிவா உள்ளே போகலாமா?

கூடாது. குறைந்தது இரண்டு வண்டி. மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்குக் குறையுங்கள், திரும்ப ஏற்றக் கம்ப்ரசர் வேண்டும், ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர். போன வருடமும் இதையேதான் எழுதினேன்.

அஜ்மானிலிருந்து: பார்பிக்யூ முடிந்ததும் மிச்சக் கரியை மணல் போட்டு மூடிவிட்டு வருகிறோம். சுத்தமாகத்தானே இருக்கிறது, அதில் என்ன தப்பு?

பெரிய தப்பு. மணல் கரியை உடனே அணைத்துவிடாது, போர்வை மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் வெறும் மணல், உள்ளே மணிக்கணக்கில் நெருப்பு. நீங்கள் ராத்திரி மூடிவிட்டுப் போன இடத்தில் காலையில் இன்னொரு குடும்பம் பாய் விரிக்கும், அவர்கள் பிள்ளை செருப்பில்லாமல் ஓடும். சில வருடங்களுக்கு முன் எங்களோடு வந்த நண்பரின் 4 வயது மகன் அப்படித்தான் மிதித்தான். யாரோ முந்தைய இரவு புதைத்துவிட்டுப் போன கரி. இரண்டு உள்ளங்காலும் வெந்துபோயின. ரோட்டைத் தொட முக்கால் மணி நேரம் ஆனது, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவன் காலில் ஊற்றிக்கொண்டே வந்தோம். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. மூடிவிட்டுப் போனவர்களும் உங்களைப் போல இடத்தைச் சுத்தமாக வைத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

காலுள்ள இரும்பு அடுப்பு கொண்டுபோங்கள், தரையில் நெருப்பு மூட்டவே வேண்டாம். முடிந்ததும் கரிமேல் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, மேலே கை நீட்டிப் பார்த்துச் சூடில்லை என்றான பிறகு தகர டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இதற்கென்றே 10 லிட்டர் கேன் ஒன்று தனியாக இருக்கட்டும். விறகுக்காக காஃப் மரத்தின் கிளையை ஒடிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அது நம்மூர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி மரம், அமீரகத்தின் தேசிய மரமும் அதுதான், பட்ட கிளைகூட அங்கேயே கிடக்கட்டும். பிளாஸ்டிக் பைகளையும் விடாதீர்கள். துபாயில் இறந்த ஒட்டகங்கள் 30,000 பற்றிய ஆய்வில் 300க்கு மேற்பட்டவற்றின் வயிற்றில் கட்டி கட்டியாகப் பிளாஸ்டிக் இருந்தது. கரியைப் புதைக்காதீர்கள்.

மஸ்கட்டிலிருந்து ஒரு சகோதரி: வாதியில், அதாவது மலையிடுக்கு ஆற்றுப் படுகையில், தண்ணீர் ஓரமாக டென்ட் போட்டால் அழகாக இருக்குமே?

இருக்கும், ஆனால் படுகையில் போடாதீர்கள் அம்மா. தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும், எங்கோ தள்ளி மலையில் கொட்டிய மழை திடீரென்று வெள்ளமாக வந்து சேரும். 2024 ஏப்ரலில் ஓமனின் சமத் அல் ஷானில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அமீரகத்தில் வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், லைசன்ஸில் 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். பகலில் குளித்துவிட்டு, இருட்டும் முன் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

அல் ஐனிலிருந்து: தேள், பாம்பு பயமாக இருக்கிறது.

அக்டோபரில் நடமாட்டம் உண்டு, குளிர ஆரம்பித்தால் குறையும். டென்ட் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள், காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், கல்லைப் புரட்டாதீர்கள்.

ராஸ் அல் கைமாவிலிருந்து: குளிருக்கு டென்டுக்குள் கரி அடுப்பு வைக்கலாமா?

கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இன்னொரு போர்வை எடுத்துப் போங்கள்.

துபாயிலிருந்து: நட்சத்திரம் பார்க்க எந்த நாள் நல்லது?

அமாவாசையை ஒட்டிய வார இறுதி. பௌர்ணமியில் போய்விட்டு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கும் தம்பி, அடுத்த முறை காலண்டரைப் பார்த்துக்கொள்ளவும். நகர வெளிச்சம் எட்டாத லிவாதான் இதற்குச் சரி. நவம்பர் பாதிக்கு மேல் இருட்டியதும் கிழக்கே கார்த்திகைக் கூட்டம் ஏறும், கொஞ்ச நேரம் கழித்துத் திருவாதிரை. பிள்ளைகளைத் தூங்கவிட்டு நடுராத்திரி தாண்டி எழுந்து வெளியே வாருங்கள், தெற்கே மணல் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே அகத்தியர் தனியாக நிற்பார்.