மெயின்ஃபிரேமும் சூப்பர் கம்ப்யூட்டரும் ஒன்றா?

இல்லை. இரண்டும் பெரிய கணினிகள்தான், ஆனால் வேலை வேறு. சூப்பர் கம்ப்யூட்டர் ஒரே பெரிய கணக்கை ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு (கணக்குப் போடும் ப்ராசஸர் சில்லுகளுக்கு) பங்கிட்டுக் கொடுக்கும். புனேவில் 2018-இல் வந்த பிரத்யுஷ் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வானிலையைக் கணித்தது இப்படித்தான். வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் கணக்கிட வேண்டும். ஒரு கட்டத்தின் விடை பக்கத்துக் கட்டத்துக்கு உடனே தேவை. ஆகவே செயலிகளை இணைக்கும் வலைப்பின்னல்தான் அதன் உயிர்நாடி. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

மெயின்ஃபிரேமுக்கு வருபவை சின்னக் கணக்குகள், ஆனால் கோடிக்கணக்கில். ஏடிஎம்மில் 500 ரூபாய் எடுத்தால் இருப்பைப் பார்த்து, கழித்து, பதிய வேண்டும். பாதியில் நின்றுவிடக் கூடாது. அதனால் வேகத்தைவிட நம்பகத்தன்மைதான் அங்கே முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுதான பாகங்கள் பலவற்றை மாற்றலாம். 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 என்ற மெயின்ஃபிரேம் வரிசையின் வாரிசுகள் இன்றும் வங்கிகளில் உழைக்கின்றன.