கனடியன் ஸ்கிரீன் அவார்ட்ஸ் வேலை வாங்கித் தருமா? சென்னையிலிருந்து வந்திருக்கும் எடிட்டர் தம்பிக்கு

தம்பி, சென்னையில் எடிட்டிங் பார்த்துவிட்டு ரொறொன்ரோவுக்கு வந்திருக்கிறேன், இங்கே சினிமாவுக்கும் டிவிக்கும் கொடுக்கும் கனடியன் ஸ்கிரீன் அவார்ட்ஸ் நம் தேசிய விருது மாதிரியா, அதை நடத்தும் கனடிய சினிமா, டிவி அகாடமியில் சேர்ந்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த விருது நடந்து வந்த பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், இங்கே யார் படம் எடுக்கிறார்கள், காசு எங்கே இருக்கிறது என்பது பிடிபடும்.

தேசிய விருது இந்திய அரசு கொடுப்பது, நடுவர் குழு தேர்ந்தெடுப்பது. இங்கே அரசாங்கம் யாருக்கும் மாலை போடுவதில்லை. துறையில் இருப்பவர்களே உறுப்பினராகச் சேர்ந்து, லாப நோக்கமில்லாமல் நடத்தும் அமைப்பு இது.

அகாடமி பிறந்தது 1979-இல். அதற்கு முன்னால் கனடியன் ஃபில்ம் அவார்ட்ஸ் என்று ஒன்று இருந்தது, 1949-இல் ஒட்டாவாவில் ஒரு தியேட்டரில் தொடங்கியது. முதல் வருடம் சிறந்த படம் என்று பரிசு வாங்கியது எது தெரியுமா? பழங்குடி மக்களின் மரமுகமூடிகளை வைத்துக் கதை சொன்ன ஒரு குறும்படம்! முழுநீளப் படம் எடுப்பவர்களே அப்போது அரிது, டாக்குமெண்டரிதான் எல்லாம். சில வருடங்களில் சிறந்த படம் என்று எதற்கும் கொடுக்கவில்லை. 1968-இல் சோரெல் எட்ரோக் என்ற சிற்பி பரிசுச் சிலையைச் செய்தார், கொஞ்சக் காலம் அவர் பெயராலேயே விருதைக் கூப்பிட்டார்கள்.

அப்புறம் 1973. அந்த வருடம் விழாவை மொன்றியலில் வைத்தார்கள், மொன்றியல் இருக்கும், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்து இயக்குநர்களே புறக்கணித்துவிட்டார்கள். விழாவே ரத்து, முடிவுகளை நிருபர்களைக் கூட்டி அறிவித்ததோடு சரி, அடுத்த வருடம் அதுவும் இல்லை. இது பழங்கதை என்று விட்டுவிடாதீர்கள். கியூபெக்காரர்களுக்குத் தங்கள் நடிகர்கள், தங்கள் டிவி, படம் பார்க்கும் கூட்டம் எல்லாமே தனியாக உண்டு, 1999 முதல் சினிமாவுக்குத் தனி விருதும் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு தெரியாமல் மொன்றியலில் வேலை தேடப் போகாதீர்கள்.

1980-இல் அகாடமி 'ஜீனி' என்ற பெயரில் முதல் விருதுகளைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் படத்தில் போடும் பணம் முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்து வரி கட்டலாம் என்று ஒரு சலுகை இருந்ததால், பல் வைத்தியர்களும் வக்கீல்களும்கூடத் தயாரிப்பில் பணம் போட்டார்கள். படம் விற்க வேண்டுமே என்று அமெரிக்க நட்சத்திரங்களைக் கூட்டிவந்தார்கள். முதல் ஜீனியில் சிறந்த வெளிநாட்டு நடிகர் என்று தனிப் பிரிவே வைத்து ஜார்ஜ் சி. ஸ்காட்டுக்குக் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் சொந்த விருதில் இப்படி ஒரு பிரிவா என்று எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். சில வருடங்களில் எடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது டிவிக் கதை. நடிகர் சங்கமான ஆக்ட்ரா கொடுத்துவந்த டிவி விருதை 1986-இல் அகாடமி எடுத்துக்கொண்டு 'ஜெமினி' என்று தொடங்கியது, மறு வருடமே பிரெஞ்சு டிவிக்கு 'ஜெமோ'. பிறகு ஜீனியையும் ஜெமினியையும் ஒன்றாக்கி 2013-இல் முதல் கனடியன் ஸ்கிரீன் அவார்ட்ஸ். சினிமாவை மட்டும் வைத்து விழா நடத்தினால் ஆங்கிலக் கனடாவில் பார்க்க ஆளில்லை, இங்கே தியேட்டர் முழுக்க ஹாலிவுட் படம். சம்பளம் தொடர்ந்து வருவது சீரியல்களில்தான், நான் பார்த்தவரை எடிட்டர்களும் அதில்தான் பிழைக்கிறார்கள்.

நம்மோடு தொடர்புடைய ஒன்று: கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தீபா மேத்தா 'ஃபன்னி பாய்' என்று படமாக்கினார், 2021-இல் சிறந்த இயக்குநர் விருதும் தழுவல் திரைக்கதை விருதும் வாங்கியது. ஆனால் இங்கே நம்மவர்களில் பலருக்கு அந்தப் படத்தோடு கோபம், முக்கியப் பாத்திரங்களில் தமிழரல்லாதவர்களைப் போட்டார்கள், பேசிய தமிழும் சரியில்லை என்று. கோபம் நியாயமானதுதான் என்பது என் கட்சி. கனடா அதை ஆஸ்கருக்கு அனுப்பியது, ஆங்கிலம் அதிகம் என்று அவர்கள், ஆங்கிலமல்லாத படங்களுக்கான சர்வதேசப் படப் பிரிவில் எடுக்கவில்லை. தமிழருக்குத் தமிழ் போதாது, ஆஸ்கருக்கு ஆங்கிலம் கூடிப்போச்சு.

சரி, வேலை. விழாவுக்கு டிக்கெட் எடுப்பதை விடுங்கள். ஒவ்வொரு வருடமும் பரிந்துரைப் பட்டியல் வரும்போது எடிட்டிங், ஒலி பிரிவுகளை மட்டும் எடுத்து, எந்தத் தொடர், எந்தத் தயாரிப்பு நிறுவனம், எடிட்டர் யார் என்று எழுதி வையுங்கள். அவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, உதவி எடிட்டராக வரட்டுமா என்று சுருக்கமாக எழுதுங்கள், இங்கே அப்படி எழுதுவதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. யூனியன் படங்களில் எடிட்டிங் பிரிவு இங்கே டைரக்டர்ஸ் கில்ட் என்ற சங்கத்தின் ஒன்ராறியோ கிளையின் கீழ் வருகிறது, உங்கள் பழைய வேலைகளை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று அங்கேயே கேளுங்கள். அகாடமி உறுப்பினர் கட்டணத்தை, இரண்டு கனடியப் படைப்புகளில் எடிட்டிங்குக்கு உங்கள் பெயர் வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம்.